ஓரகத்தி கையை முடக்கச் சொல்லி ஜெபித்தேன்

என் கொழுந்தன் பொண்டாட்டி எஸ்தர் இந்த ஜெபக்கூட்டத்துல இங்கனதான் உக்காந்திருக்கா. அவளை வச்சுக்கிட்டுத்தான் இதைச் சொல்லணும். இல்லேன்னா இது சாட்சி இல்ல, புறணி.

எண்பத்திமூணுல, ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்ச மறுவாரம், புளியங்குடி ரோட்டுல மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தோம். ஓட்டுன எங்க வீட்டுக்காரகளுக்குச் சிராய்ப்பு. பின்னால இருந்த எனக்கு வலது தோள்ல நரம்பு பிய்ஞ்சு போச்சு. விரல் அசையும், முழங்கை மடங்காது. கை நனைஞ்ச துணியாத் தொங்குச்சு. எம்மவ ஜெபாவுக்கு அப்ப நாலு மாசம். ஒத்தக் கையில தூக்கப் போயி ஒருநாள் பிள்ளை நழுவித் தரையில விழுந்துட்டா. அன்னையிலருந்து எங்க மாமியார் பிள்ளையை எஸ்தர் கையில குடுத்துட்டாக.

எம்புட்டு எரிஞ்சுச்சு தெரியுமா! அவ குளிப்பாட்டுதா, பவுடர் போடுதா, சோறூட்டுதா. நான் வேடிக்கை பாக்கேன். பிள்ளை அவ தோள்ல சாஞ்சு தூங்குறதைப் பாத்தா நான் சோத்துத் தட்டை ஒதுக்கி வச்சிருவேன். அவ ஒரு குத்தமும் செய்யல. அதுதான் இன்னும் எரிச்சல்.

மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணுனாங்க. விலா எலும்புக்கு ஊடால ஓடுத நரம்பு, மூச்சுக்கு உதவுத நரம்பு, அதுல ரெண்டை எடுத்து முழங்கையை மடக்குத நரம்போட தச்சாங்க.

"மொதல்ல மூச்சை நல்லா இழுத்தாத்தாம்மா கை அசையும். வருசமாகலாம். வராமலும் போகலாம்"னு டாக்டர் சொல்லிட்டாரு.

தினமும் முழங்கால் போட்டு, மூச்சை இழுத்து இழுத்து ஜெபிச்சேன். ஒண்ணும் அசையல. கடைசில என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, எனக்குத் தரலேன்னா எஸ்தர் கையையும் முடக்கிப் போடும்." ஒருநாள் இல்ல, மாசக்கணக்கா கேட்டேன்.

மறுவருசம் கிறிஸ்துமசுக்கு முந்தி, ஒரு மத்தியானம் ஜெபா தூங்கி எந்திரிச்சா. நான் இடது கையை நீட்டுனேன். என்னையத் தாண்டி ஓடி, எஸ்தர் காலைக் கட்டிக்கிட்டு "அம்மா"ன்னா. பெருமூச்சு ஒண்ணை இழுத்தேன்.

எஸ்தர்தான் பாத்தா. "எக்கா! கை மடங்குது! இன்னொருக்கா இழுங்க!"ன்னு கத்துதா. இழுத்தேன். மடங்குச்சு. அவ என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதா. எனக்கு அவ மூஞ்சியைப் பாக்க முடியல.

அதுக்கப்புறமும் ஒரு வருசம் ஆச்சு, பிள்ளையை ரெண்டு கையால தூக்க. தூக்குன அன்னைக்கு எறக்கி விட மனசே வரல. ஸ்தோத்திரம்! ஜெபா இப்பவும் எங்க ரெண்டு பேரையும் அம்மான்னுதான் கூப்பிடுதா. கொஞ்சம் எரியத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். நான் திருத்தல.

எஸ்தர், அந்த ஜெபத்தை இன்னைக்குத்தான் நீ கேக்கே. என்னைய மன்னிச்சிரு தங்கச்சி. ஆண்டவர் என் பேச்சைக் கேட்டு உன் கையை முடக்கியிருந்தா, அந்த ரெண்டு வருசம் எம்பிள்ளையை யாரு தூக்கியிருப்பா?

சகோதரிமாரே, மனசுல கெடக்கது அழுக்கா இருந்தாலும் அவர்கிட்ட அப்படியே கொட்டுங்க. எதைக் குடுக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும்.