காதர் பாய் பார்த்துச் சொன்ன காற்று

ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை காதர் பாய் எண்ணிலிருந்து போன் வந்தது. காற்று எப்படி என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன். அவர் மனைவி பேசினார். "பாய் மவுத்தாயிட்டாரும்மா. தொழுகைக்கு எழுந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி பூசி முடித்திருந்தோம். ஈரப் பாவை விட்டு நகர முடியாது. அது காய்ந்து, சுருட்டிய பிறகுதான் எல்லோரும் போனோம்.

பாயை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு மேற்கே இருக்கிற அரிசி ஆலையில், நெல் அவிக்கும் பாய்லருக்கு உமி போட்டு எரித்தவர் அவர். நாங்கள் பட்டுச் சேலையின் நீள இழைகளை, அதாவது பாவை, தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுகிறவர்கள். ஆலைப் புகையோடு வரும் உமிக்கரி ஈரப் பாவில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். தட்டினால் கறையாகும். ஒரு கல்யாணச் சேலைக்கான பாவு அதோடு போச்சு.

முதன்முதலில் அவரிடம் சண்டைக்குத்தான் போனேன். கரி பட்ட இழையைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"நான் அடுப்பைத்தாம்மா ஊதறேன், காத்தை நான் ஊதலையே" என்றார்.

"அப்போ காத்தைக் கேட்டுட்டு ஊதுங்க பாய்" என்றேன்.

சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து போனில் வானிலை ஆப்பைத் திறந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்வார். மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று என்றால், நாங்கள் பாவைச் சுருட்டும்வரை பொறுத்துத்தான் பற்றவைப்பார்.

அதிலும் ஒரு நாள் தவறு நடந்தது. போனில் அம்புக்குறி கிழக்கே பார்த்து நின்றிருக்கிறது. கிழக்கிலிருந்து வருகிற காற்று என்று நினைத்து எரித்துவிட்டார். ரோஜா நிறப் பாவு முழுக்கக் கரி. அவரே தெருவுக்கு வந்தார். பாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தார். "அம்பு காத்து போற பக்கம்மா. நான் வர்ற பக்கம்னு நெனச்சிகினு இருந்தேன். தப்பு என்னுது." கஞ்சி பூச எங்களிடம் பாவு கொடுத்தவரிடமும் கூடவே வந்து அதையே சொன்னார்.

பிறகு ஆலைக் கூரையில் ஒரு துணியைக் கட்டி, போன் சொல்வதையும் துணி சொல்வதையும் ஒத்துப் பார்ப்பார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் நம்பர் தெரியும். "ரெண்டு நம்பர் போட்டிருக்கும்மா. சின்னது எப்பவும் வீசறது. பெருசு திடீர்னு தூக்கி அடிக்கிறது. பாவுக்குப் பெருசைத்தான் பாக்கணும்" என்பார். "ஆரணின்னு போட்டிருந்தா உங்க தெருன்னு அர்த்தம் இல்ல, அது வெட்டவெளிக் காத்து" என்றும் சொல்வார். எங்கள் தெரு முனையில் மாடி வீடு எழும்பிய பிறகு காற்று அங்கே முட்டிச் சுழன்று திரும்புகிறது. அதை அவருக்குச் சொன்னது நான். "இது போனுக்குத் தெரியாதே" என்று வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"நெல்லு அவிக்கிறியா, பாவு காயவைக்கிறியா?" என்று ஆலை முதலாளி அவரைத் திட்டுவாராம். பாய் ஒரு நாளும் சொன்னதில்லை. அங்கே உமி அள்ளுகிற அம்மா அவர் போன பிறகுதான் சொன்னாள்.

இப்போது வேறு ஒருவர் எரிக்கிறார். போய்ப் பேசினேன். "எனக்குக் காத்தெல்லாம் பாக்கத் தெரியாதும்மா. நீங்க சொன்னா பொறுக்கறேன். பேஜார் ஆனா முதலாளிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். ஒப்புக்கொண்டேன். போன வாரம் என் போனில் மேல்காற்றில் பெரிய நம்பரைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னேன். இலைகூட அசையவில்லை. அங்கே ஆலையில் நெல் அவிக்காமல் ஊறிக்கொண்டு கிடந்தது.

பாவைச் சுருட்டிவிட்டு ஆலைக்கு நடந்தேன். புது ஆளோடு முதலாளியும் நின்றிருந்தார். நான் பார்த்துச் சொன்னது தவறிப்போனது என்று இருவரிடமும் சொன்னேன். தவறினால் நாமே நடந்து போய்ச் சொல்வது. காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.

முதலாளி உள்ளே போனார். புது ஆள் கையைத் தட்டி உமியை உதறிவிட்டு, "சரிம்மா, நாளைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டார்.