மொறுமொறு குரூத்

நரின் நகரத்தின் அந்தத் தெருவில் வியாபார நிர்வாகம் படித்த மருமகள் ஜிபார் ஒருத்திதான். மாமியாருக்கு அதில் பெருமைதான். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றி முடிக்கும்வரை புத்தகத்தைத் தொட விடமாட்டாள்.

புதுத்தொழில் தொடங்குவது அவள் எடுத்த பாடம். பட்டம் வாங்க ஒரு தொழில் திட்டம் எழுதியாக வேண்டும். குரூத் என்கிற உப்புத் தயிர் உருண்டையைக் கடித்துப் பல்லைப் பறிகொடுத்த கிழங்கள் அந்த ஊரில் கொஞ்சமா? அதையே பொரி மாதிரி மொறுமொறுவென்று காயவைக்க ஜிபார் வழி கண்டுபிடித்தாள். குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் தயிரோடு மல்லுக்கட்டி, அதையே திட்டமாக எழுதினாள்.

கணவனின் அண்ணன், அந்த வீட்டுப் பெரியவர், ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். "எழுதினதைக் குடும்மா, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுறேன்" என்றார். காட்டினார், நாசமாய்ப் போக! கோடை முடிவதற்குள் அவர் பேரில் ஆலை வந்தது. பொட்டலத்தில் மாமியாரின் படமும் வந்தது.

ஜிபார் புருஷனிடம் அழுதாள்.

"நம்ம குடும்பத்துக்குள்ளதானே இருக்கு? அண்ணன்கிட்டப் போய் மல்லுக்கு நிக்கச் சொல்றியா?" என்றான் அந்த மகராசன்.

தொழில் போனால் போகட்டும், பட்டமாவது என்னுடையது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தேர்வு நாளன்று, உள்ளூர்த் தொழிலதிபர் என்று சொல்லி அந்தப் பெரியவரையே தேர்வாளர்களோடு உட்கார வைத்திருந்தார்கள். தேர்வுக் குழுத் தலைவி அம்மாள் ஜிபாரின் தாள்களைப் புரட்டினார்.

"இது இவரோட கம்பெனித் திட்டமாச்சே! வரிக்கு வரி காப்பியடிச்சிருக்கியேம்மா!"

ஜிபார் பெரியவரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் சிரித்தார். "எங்க வீட்டு மருமகதான். விவரம் தெரியாத புள்ள, ஆலையைப் பார்த்து எழுதிட்டா. நான் மன்னிச்சுட்டேன். நீங்களும் பெரிய மனசு பண்ணி பாஸ் போட்டுடுங்க."

குனிந்த தலை நிமிராமல் நன்றி சொல்லியிருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கும். ஆனால் அவள் தலை நிமிர்ந்துவிட்டதே!

"மக்சாத்பெக் திருடிட்டார்! இது நான் எழுதினது!"

அது பெரியவரின் பேர். கணவன் வீட்டுப் பெரியவர்களின் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவளும் சொன்னதில்லை. முகம் சிவக்க அவர் எழுந்து வெளியே போனார். சமாதானம் சொல்லிக்கொண்டே இரண்டு ஆசிரியர்கள் பின்னால் ஓடினார்கள்.

தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு திமிர் இருந்தா பெரியவர் பேரைச் சபையில போட்டு உடைப்பே? உங்கம்மா உன்னை இப்படித்தான் வளர்த்தாளா?"

யார் எழுதியது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்கள்.