எண்ணூறு வருஷத்துக் கோணல்

ஸ்பெயினுக்குச் சுற்றுலா போன மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். காட்டலோனியாவில் ஒரு சின்னக் கோட்டைக் கிராமம். சுற்றிலும் மதில், வளைவு வாசல், உள்ளே பழைய தேவாலயம். "அப்பா, டூ யூ ரெகக்னைஸ் திஸ்?" என்று கேள்வி வேறு. துபாயில் வளர்ந்த பிள்ளை. தமிழில் 'அப்பா' மட்டும்தான் மிச்சம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதில் நன்றாகத்தான் இருந்தது. "நாங்க கட்டினது இதைவிடப் பழசு" என்று பதில் போட்டேன்.

சிரிக்காதீர்கள். இரண்டாயிரங்களில் துபாய்க் கடலில் தீவே முளைத்தது. மணலில் கோட்டை முளைக்கக் கூடாதா? எங்கள் முதலாளி ஒரு கோடையில் அந்தக் கிராமத்தைப் பார்த்து மயங்கி, அச்சு அசலாக ஒன்றைக் கட்டி உள்ளே கடைகள் வைக்க ஆசைப்பட்டார். நான் சைட் இன்ஜினியர். கொள்ளையருக்குப் பயந்து மதில் எழுப்பினார்கள், பிரபு ஒருவர் மாளிகை கட்டினார் என்று ஊரின் வரலாற்றையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வரைபடத்தில் பிரபுவின் மாளிகை செருப்புக்கடை. தானியக் களஞ்சியம் கழிப்பறை. தேவாலயத்தில் ஐஸ்கிரீம்.

மதில் வேலை சகாயத்துக்கு. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர், முதல்தரமான கொத்தனார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அந்த ஐஸ்கிரீம் கடைக்குள் நுழையும்போது மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். "அது கோயில் இல்ல, சகாயம்" என்றால், "கடை வாறது வரைக்கும் கோயில்தானே சாரே" என்பார். ஊரில் அவர் மகளுக்குப் புது நன்மை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவள் பிறந்தபோதும் அவர் துபாயில்தான் இருந்தார். இதற்காவது போயே தீர வேண்டும். கம்பெனியோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது: மதில் பாஸானால் லீவு.

மதில் பாஸாகவில்லை. காரணம், அது நேராக இருந்தது. நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, கண்ணை மூடித் தடவினால் கல் மாறுவதே தெரியாதபடி கட்டியிருந்தார். பார்வையிட வந்த வெள்ளைக்காரக் கன்சல்டன்ட் தலையில் அடித்துக்கொண்டார். "இட் மஸ்ட் லுக் ஓல்ட்!" பாகிஸ்தானி ஃபோர்மேன் அதை இந்திக்கு மாற்றினார்: "பாய், டேடா பனாவ், டேடா!" நான் தமிழாக்கினேன்: "கோணலாக் கட்டணுமாம், சகாயம்."

"தெரிஞ்சோண்டே எப்பிடி சாரே கோணலா கெட்டுது? எனக்க கை கேக்காதே."

இடித்துவிட்டுக் கட்டினார். கோணல் வந்தது, ஆனால் அதுவும் நூல் பிடித்த கோணல். முழத்துக்கு ஒரு புடைப்பு, எல்லாம் ஒரே அளவு, தட்டில் ஊற்றிய இட்லி மாதிரி. மறுபடி இடி. புது நன்மை ஞாயிறு கிட்டே வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆத்திரத்தில் கரண்டியைப் பிடுங்கி நானே கல் வைத்தேன். இன்ஜினியர் ஆன பிறகு கரண்டி பிடித்தது அன்றுதான். அதற்கு முன்னும் பிடித்ததில்லை. ஒரு கல் முன்னே துருத்தியது, ஒன்று பின்னே சாய்ந்தது, கலவை சுவரைவிட என் சட்டையில்தான் அதிகம். சகாயம் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் கன்சல்டன்ட் நான் கட்டிய இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "டுவெல்த் செஞ்சுரி!" என்றார், குரல் தழுதழுக்க. என் வேலையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. மிச்ச மதிலுக்கு நான் கொத்தனார், சகாயம் சித்தாள். மதில் பாஸ், லீவு பாஸ், வேலை முடிந்தது, கலாஸ்!

புது நன்மையன்று கோயில் வாசலிலிருந்தே போன் செய்தார். மகளையும் பேசச் சொன்னார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர் ஊரில் இருந்தபோதே எங்கேயோ பேங்குகள் கவிழ்ந்தன. முதலாளிக்குக் கோட்டை கசந்தது. எண்ணூறு வருஷத்துக் கிராமம் திறப்பு விழாவைக்கூடப் பார்க்காமல் புல்டோசருக்குப் போனது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

சகாயத்தின் அடுத்த போன் வந்தது. "லீவு முடியப் போவுது சாரே. நான் எப்ப வரட்டு?"

"மதிலை இடிச்சுட்டாங்க, சகாயம்."

"நீங்க கெட்டினத இடிக்க வேற செய்யணுமா? தும்முனா விழுமே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பை முதலில் நிறுத்தியது அவர்தான்.

"அப்ப எனக்க டூட்டி?"

"மாஃபி" என்றேன், அரபியில். 'இல்லை' என்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.