தவறு ரோசம்மாவுடையது அல்ல

போன வியாழக்கிழமை லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "அக்கா தவறிட்டாங்க. சாருக்கு ஒரு வார்த்த எழுதிப் போடுன்னு முன்னயே சொல்லியிருந்தாங்க" என்று ரோசம்மாவின் தம்பி எழுதியிருந்தார். அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

ஆய்வகத்தில் அவருடன் வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடித் தகடுகளை மாற்றி வைத்ததால் அவருக்கு வேலை போனது என்றுதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் சொன்னவன் நான்.

எழுபதுகளின் கடைசியில், ஹார்மோனைப் போன்ற ஒரு மூலக்கூறு குரங்கின் மூளையில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தோம். உறைந்த மூளையைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகடுகளில் ஒட்டுவது ரோசம்மாவின் வேலை. கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறில் சீவல்களை நனைத்து, ஃபிலிமோடு சேர்த்து வாரக்கணக்கில் இருட்டில் வைப்போம். ஒட்டிய இடம் கறுப்பாக விழும். ஒரு சீவல் கிழிந்தால்கூட, "கிழிஞ்சது, என் கைதான்" என்று பதிவேட்டில் எழுதிவிடுவார். நாம் அதைப் படித்துச் சிரித்திருக்கிறோம்.

சரிபார்ப்பதற்காகச் சில சீவல்களில் கதிரியக்கமில்லாத அதே மூலக்கூறை ஏராளமாகச் சேர்ப்போம். அது இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கே கறுப்பு விழக்கூடாது; விழுந்தால் வரைபடமே தவறு. ஒருநாள் அந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார் இது? இதுலயும் அதே இடம் கறுப்பாத்தான் கீது. அப்ப அது சும்மா ஒட்டிக்கினு இருக்குது, அவ்ளோதானே?"

"சீவுறதுதான் உன் வேலை ரோசம்மா" என்றேன். கட்டுரை அச்சுக்குப் போயிற்று.

மறு ஆண்டு வேறோர் ஆய்வகத்தில் அதே முடிவு வரவில்லை. விசாரணைக் குழு அந்த ஃபிலிமைக் காட்டி விளக்கம் கேட்டது. அது சரிபார்ப்புச் சீவலே அல்ல, தகடுகளை ரோசம்மா மாற்றி வைத்துவிட்டார் என்றேன். வாசலருகே நின்றிருந்த அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரை தப்பியது, அவர் வேலை போயிற்று.

மூன்று வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கத்தான் குப்பத்துக்குப் போனேன். வீட்டெதிரே மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து டீ கொடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்:

"அந்தப் படத்தத் திருத்திட்டீங்களா சார்? அத நம்பி யாராச்சும் மருந்து கிருந்து செஞ்சிரப் போறாங்கோ."

"திருத்திட்டேன்."

"அப்ப சரி சார். அதான் மனசுல உறுத்திக்கினே இருந்துச்சி."

திருத்தவில்லை. நேற்றுதான் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். அவருக்குத் தெரியப்போவதில்லை. நான் சொன்ன பொய்யைக் கேட்டு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.