ஐந்து கிளாஸ் கறுப்பு பீரும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் தமிழரசன் ஆறு வருஷமாகப் புதுச்சேரியில் பீர் காய்ச்சி விற்கும் ஓட்டல் ஒன்றில் பீப்பாய் கழுவுகிறார். எங்கள் ஊர் ஆண்டிமடத்தில் யாராவது கேட்டால் தன்னை ‘பீர் எக்ஸ்பர்ட்’ என்பார். திங்கட்கிழமை லீவுக்கு வந்து இறங்கினால் போதும், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆள் சேர்த்து வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார். எங்கள் ஊர்க் குடிகாரர்களுக்குத் தெரிந்தது சாதா, ஸ்ட்ராங் என்ற இரண்டே வகைதான். இந்த மேதை மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்.

“கறுப்பா இருந்தா அது ஸ்டவுட்டுடா. அவ்வளவுதான்.”

போன மாசி மாதம் அவருடைய ஓட்டலில் உதவி பீர் காய்ச்சுபவர் வேலை காலியானது. அதற்குச் சோதனையாக ஐந்து கிளாஸில் பெயர் எழுதாமல் ஐந்து விதமான கறுப்பு ஸ்ட்ராங் பீர் வைப்பார்களாம். நான்கையாவது சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலையோடு தங்க ரூமும் உண்டு. அந்த ரூம்தான் எனக்கு வேண்டும். பதினோரு வருஷமாக முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைக்கிறேன், வறுக்கிறேன், பருப்பைத் தரம் பிரிக்கிறேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் தின்று தின்று என் விரல்நுனிகளில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினில் கைவைத்தால் “ஆள் இல்லை” என்கிறது.

பழகிப்பார்க்க ஐந்தையும் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, செக்போஸ்ட்டில் மாட்டாமல் கொண்டுவந்தார். கூடவே ஒரு காகிதம்: இம்பீரியல் ஸ்டவுட், பால்டிக் போர்ட்டர், டாப்பல்பாக், ஓல்டு ஏல், பார்லி ஒயின். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்தார்.

“இது ரொம்பக் கறுப்பு. அப்ப இதுதான் ரொம்ப ஸ்ட்ராங்கு.”

அட ராமா! கறுப்பை வைத்துத் தரம் சொல்கிறவனை எங்கள் கொட்டகையில் கூடை தூக்கக்கூடச் சேர்க்க மாட்டார்கள். காகிதத்தைப் பிடுங்கிப் படித்தேன். ஐந்துமே ஸ்ட்ராங்தான். அதனால் போதையை வைத்து எதையும் பிரிக்க முடியாது. தானியத்தை எவ்வளவு வறுத்தார்கள், எந்தச் சூட்டில் புளிக்கவிட்டார்கள், எத்தனை நாள் ஊறப்போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். இதைப் பிரிக்க எக்ஸ்பர்ட் எதற்கு? மூக்கு இருந்தால் போதாதா?

ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்தேன். ஒன்றில் கருகின காப்பிக்கொட்டை வாசனை, மூக்கில் ஏறும் காரம். அது இம்பீரியல் ஸ்டவுட். இன்னொன்றில் கருகல் அடங்கி, சாக்லேட் மாதிரி மெத்தென்ற வாசனை. குளிரில் புளிக்கவைத்த பால்டிக் போர்ட்டர். டாப்பல்பாக்கும் குளிரில் புளித்ததுதான், ஆனால் கருகலே கிடையாது, ரொட்டியின் மேல்தோல் வாசனை. மிச்சம் இரண்டிலும் திராட்சையும் வெல்லமும். அதில் லேசாகப் புளிப்பேறிப் பழசானது ஓல்டு ஏல், கனமாகக் கசப்பு நெடி அடித்தது பார்லி ஒயின். இந்த இரண்டையும் பிரிப்பதில் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே சண்டை என்று காகிதமே சொல்லிற்று.

பாட்டில் அடியில் ஒட்டியிருந்த பெயரோடு ஒத்துப்பார்த்தால் ஐந்தும் சரி. ஒரு சொட்டு குடிக்கவில்லை. அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

“இங்க பாருங்க, கொட்டகையில பருப்ப எப்புடிப் பாக்குறோம்? மோந்து, கடிச்சு, துப்பி, வாய் கொப்புளிச்சிட்டுத்தான் அடுத்தது. அதே மாதிரி பண்ணுங்க.”

“துப்புறதா? நல்ல சரக்கத் துப்புனா கை வெளங்குமாடி?”

எங்கள் ஊர் ஆண்களிடம் எதை வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், கிளாஸில் சொட்டு மிச்சம் வைக்கச் சொன்னால் மட்டும் சாமி குத்தம் மாதிரிப் பதறுவார்கள். மூன்று திங்கட்கிழமை தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு வழியாக மோந்து சொல்லப் பழகினார்.

சோதனை நாளன்று, “ரூமப் பாத்துக்க வா, வேலை நம்மளுதுதான்” என்று என்னையும் கூட்டிப்போனார். அங்கே பீர் காய்ச்சும் பொறுப்பு வினோதினி மேடத்துக்கு. முப்பது வயதிருக்கும். மேசையில் ஐந்து கிளாஸ், தண்ணீர், துப்புவதற்கு ஒரு வாளி. நான் கதவோரம் நின்றேன்.

முதல் கிளாஸை மோந்து “இம்பீரியல் ஸ்டவுட்” என்றார். சரி. என் வயிற்றில் பால் வார்த்தது. ஆனால் அந்த மனிதர் கிளாஸைக் கீழே வைக்காமல் அண்ணாந்து ஒரே மடக்காகக் கவிழ்த்தார். இரண்டாவது, டாப்பல்பாக். அதுவும் சரி, அதுவும் காலி. வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவதைக் குடித்து முடித்துவிட்டு யோசித்தார்.

“ஸ்டவுட்டுங்க மேடம்.”

“இல்ல. அடுத்தது?”

“ஸ்ட்ராங்குங்க.”

ஐந்தாவதையும் முடித்து வாயைத் துடைத்தார். “எல்லாமே நல்லா ஏறுதுங்க மேடம்.”

எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து கிளாஸ் ஓசிச் சரக்குக்கு என் ரூமை விற்றுவிட்டு ஏப்பம் விடுகிறார்! மேசைக்குப் போனேன். காலி கிளாஸ்களை ஒவ்வொன்றாக மோந்தேன்.

“மூணாவது பால்டிக் போர்ட்டருங்க. நாலாவது பார்லி ஒயின், இது ஓல்டு ஏலு.”

மேடம் விடை எழுதிவைத்திருந்த சீட்டைப் பார்த்தார், பிறகு என்னை. “நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?”

“முந்திரிக் கொட்டகையிலங்க.”

“இந்த வேலைக்கு நீங்க வர்றீங்களா?”

நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியில் சரிந்திருந்தவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் பொண்டாட்டி சாராயக் கம்பெனிக்கு வரமாட்டா! எங்களுக்கு மானம் மரியாதை இருக்கு!”

ஆறு வருஷம் அதே கம்பெனிச் சோற்றைத் தின்ற வாய் அது.

“ஒண்ணாந்தேதிலேருந்து வரேங்க மேடம்,” என்றேன். “இவர மட்டும் நிறுத்திடாதீங்க. பீப்பா நல்லாக் கழுவுவாரு.”