சங்கிலி போட்டு இறக்கிய வீக்கம்

எருத்தேன்பதியில் பழனாத்தாளுக்கு வாய் நீளம் என்று பெயர். கல்யாணமாகி முதல் பத்து வருஷம் அந்த வாய் திறக்கவே இல்லை என்பதைப் பெயர் வைத்தவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

நஞ்சப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் வருஷமே மாமியார் மாரக்காள் அவளை 'மலடி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். விசேஷ வீடுகளில் அவள் கையால் யாரும் மஞ்சள் குங்குமம் வாங்குவதில்லை. வளைகாப்பு என்றால் அவளை மாட்டுக்குத் தீவனம் வைக்க அனுப்பிவிடுவார்கள். நஞ்சப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றான். விதைக்கடலையை ஈரத்துணியில் முடிந்து முளைப்புப் பார்க்காமல் காட்டில் போடாத மனுஷன். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் குற்றம் நிலத்தின் மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

கேரளம் என்று புது மாநிலம் பிறந்த வருஷம், மாரக்காள் தன் அண்ணன் மகளை அவனுக்கு இரண்டாந்தாரமாகப் பேசினாள். ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாதென்று சட்டம் வந்துவிட்டதே என்று யாரோ சொன்னார்கள். "சட்டமெல்லாம் கொழிஞ்சாம்பாறை டவுனோட நின்னுக்கும்" என்றாள் அவள். பழனாத்தாளைப் பயம் பிடித்தது. பிறந்த வீட்டில் அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. இந்த வீடும் போனால் போக்கிடம் கிடையாது. தனியாகப் பஸ் ஏறிப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "உங்கிட்ட ஒரு குறையும் தெரியல. புருஷனைக் கூட்டிட்டு வா" என்றாள். ஆணின் விந்தில் கோடிக்கணக்கில் உயிரணுக்கள் நீந்த வேண்டும், அவை குறைந்தாலும் ஓட்டமில்லாமல் கிடந்தாலும் கரு தங்குவது கஷ்டம், ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று விளக்கினாள். அந்த மாதம் ஊரெங்கும் பொன்னுக்கு வீங்கி சுற்றிக்கொண்டிருந்தது. "வாலிபத்துல அவனுக்கு அது வந்துச்சா? கன்னத்துல வர்றது கீழ விதையிலயும் இறங்கினா, உயிரணு உண்டாகிறதே நின்னு போகலாம்" என்றும் கேட்டாள். பழனாத்தாளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் சொன்னதும் நஞ்சப்பன் செம்பை வீசினான்.

"ஆம்பளையச் சோதிக்கோணும்னு எவ சொன்னா? படுக்கையில நா எதுல கொறஞ்சேன்?"

ஆண்மை வேறு, உயிரணு வேறு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. அப்பேர்ப்பட்ட வீரன்.

அந்த வாரமே பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கன்னம் வீங்கியது. கழுத்தில் பொன் போட்டால் வீக்கம் இறங்கும் என்பது ஊர் நம்பிக்கை. மாரக்காள் பெட்டியிலிருந்து சங்கிலியை எடுத்து மாட்டிவிட்டுப் பெருமை பேசினாள்.

"ராசியான சங்கிலியாக்கும். எம்பையனுக்குக் கண்ணாலத்துக்கு முந்தின மாசம் இதே வீக்கம். கீழயும் எறங்கி, கால அகட்டி அகட்டி நடந்தான். கண்ணாலம் தட்டிப் போயிருமின்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடுல. இதப் போட்டேன், வத்திப் போச்சு."

தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பழனாத்தாள் கூடையைக் கீழே வைத்தாள். டாக்டரம்மா கேட்டது இதைத்தான். மகனுக்கு வந்ததைப் பத்து வருஷம் மூடி மறைத்துவிட்டு, மலடிப் பட்டத்தைத் தன் தலையில் கட்டியிருக்கிறாளே!

நிச்சயத்தன்று பெண் வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அதே சங்கிலியை மாரக்காள் தட்டில் வைத்ததும் பழனாத்தாள் நடுவீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்கத்தை, அந்தச் சங்கிலியோட பெருமைய இவிங்களுக்கும் சொல்லுங்க. நீங்க சொல்லலீன்னா நாஞ் சொல்றேன்."

சொன்னாள். டாக்டரம்மா கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள். "நாற வாய மூடுடி!" என்று மாரக்காள் கத்தினாளே தவிர, பொய் என்று சொல்லவில்லை.

பெண்ணின் அப்பன் தன் தங்கை மாரக்காளைப் பார்த்தான். "ஏம்மிணி, நெசந்தானா?"

மாரக்காள் தட்டிலிருந்த சங்கிலியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "மாப்பிள்ள பாலக்காடு போய்ச் சோதிச்சுட்டு வரட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

வேறு வழியில்லாமல் நஞ்சப்பன் பழனாத்தாளையும் கூட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை பார்த்தார்கள். ஓர் உயிரணுகூட இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் குரலைத் தாழ்த்தி, "புள்ள, இத ஊருக்குள்ள யாருக்கும் சொல்லிப்போடாத" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

"என்னய மலடின்னு சொன்னப்ப ஊருக்குள்ள யார உட்டு வெச்சீங்க?" என்றாள் பழனாத்தாள்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.