தரையில் உட்கார்ந்து டீ குடித்த கோ ராஜா

இன்று காலை எங்கள் லான்மடாவ் பேட்டை டீக்கடையில் ஒரு தட்டு விழுந்து பெரிய சத்தம். பக்கத்து மேசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் பதுங்கிவிட்டார்.

"குடிகாரன், வெளியே தள்ளுங்க" என்றார் ஒருவர்.

எங்கள் தெரு கோ ராஜா (பர்மியப் பேச்சில் 'கோ' என்றால் அண்ணன்) முன்பு குடித்தவர். இப்போது குடியை விடுகிறவர்களுக்குத் துணையிருப்பவர். மெல்லப் போய், சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் விட்டவன்தான். தொடமாட்டேன். வாசல் திறந்திருக்கு, போகணும்னா போங்க. இருந்தீங்கன்னா நானும் இருக்கேன்."

வெகுநேரம் கழித்து மேசைக்கடியில் இருந்தவர் தலையை நீட்டினார். "குடிக்கலண்ணே. சத்தம் கேட்டா இப்படி ஆயிடுது. அதை மறக்கத்தான் முன்னெல்லாம் குடிச்சேன்."

"புரியுது. டீ சொல்லட்டுமா?"

என்ன நடந்தது என்று கோ ராஜா கடைசிவரை கேட்கவேயில்லை. இருவரும் தரையிலேயே டீ குடித்தார்கள். நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்கவில்லை. நானாக இருந்தால் முதலில் "எந்த ஊரு?" என்றுதான் கேட்டிருப்பேன்.